பரட்டை வாரம்

அக்டோபர் 6
காலையில் முக்கால் மணி நேரம் ஸ்ட்ரெய்ட்னரோடு மல்லுக்கட்டினேன். கண்ணாடியில் பார்த்தால் எனக்கே திருப்தி. வெளியே மழை இல்லை, வெறும் மூட்டமும் புழுக்கமும்தான். தெருமுனை தாண்டுவதற்குள் வகிட்டோரத்துக் குட்டை முடிகள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றுவிட்டன. பத்தே நிமிடத்தில் பழைய பரட்டைத் தலை. ஒரு சொட்டுத் தண்ணீர்கூட மேலே விழவில்லை, அதுதான் எரிச்சல்.

அக்டோபர் 7
இன்றும் அதே கதை. கொண்டை.

அக்டோபர் 8
ஏன் என்று உட்கார்ந்து படித்தேன். முடி பெரும்பாலும் கெரட்டின் என்ற புரதம். அதற்கு வடிவம் கொடுப்பதில் இரண்டு பிணைப்புகளுக்கு முக்கியப் பங்கு. கந்தகப் பிணைப்பு பிடிவாதக்காரன், தண்ணீருக்கு அசைய மாட்டான். ரீபாண்டிங் மருந்துதான் அவனை உடைக்கிறது. ஹைட்ரஜன் பிணைப்பு அப்படியில்லை. ஈரம் பட்டால் விட்டுவிடும், காயும்போது முடி எப்படிக் கிடக்கிறதோ அப்படியே பிடித்துக்கொள்ளும். ஈரத்தலையோடு பின்னிப் படுத்தால் காலையில் அலையலையாக இருப்பது இதனால்தான். ஸ்ட்ரெய்ட்னர் மாற்றுவதும் இதைத்தான். அதைக் கலைக்க மழை வேண்டாம், காற்றிலிருக்கும் நீராவியே போதும். எல்லா முடியும் ஒரே அளவு ஈரத்தைக் குடிப்பதுமில்லை. ஒன்று இப்படி வளைய, பக்கத்தில் இருப்பது அப்படி வளைய, மொத்தமும் புசுபுசுவென்று உப்பிவிடுகிறது.

அக்டோபர் 10
சீப்பில் சிக்கிய ஒரு முடியை இரண்டு விரலால் உருவிப் பார்த்தேன். வேரிலிருந்து நுனிக்கு வழுக்கிக்கொண்டு போகிறது. திருப்பி உருவினால் லேசாகச் சொரசொரக்கிறது. மீன் செதில் மாதிரி மேலே அடுக்கடுக்காக இருக்கிறதாம். ப்ளீச் செய்தால் அந்தச் செதில் தூக்கிக்கொள்ளும், மேலிருக்கும் மெல்லிய எண்ணெய்ப் படலமும் போய்விடும். பிறகு ஈரம் தாராளமாக உள்ளே போகும். போன வருடம் ஆசைப்பட்டு நுனிப்பாதிக்கு ப்ளீச் போட்டது நான்தான். அந்தப் பாதிதான் அதிகமாகச் சிலுப்புகிறது. வானத்தைத் திட்டி என்ன செய்ய?

அக்டோபர் 11
என் சீரத்தின் லேபிளில் இரண்டாவது பெயரே கிளிசரின். ஈரத்தை இழுக்கிற சரக்கு. இப்படிப்பட்ட காற்றில் அதைப் பூசுவது வெளியிலிருக்கும் ஈரத்தை வா வா என்று கூப்பிடுவது மாதிரி. டைமெத்திகோன் என்ற சிலிகோன் உள்ளதற்கு மாறினேன். அது முடிமேல் மெழுகியதுபோல் படிகிறது. டவலால் பரபரவென்று தேய்ப்பதை விட்டு, பழைய பனியன் துணியால் ஒற்றி எடுக்கிறேன். பாதி தேவலை. பாதிதான்.

அக்டோபர் 13
1783இல் சோசூர் என்ற ஜெனீவாக்காரர், எண்ணெய்ப் பசை நீக்கிய மனித முடியை வைத்துக் காற்றின் ஈரத்தை அளக்கும் கருவியைப் பற்றி எழுதியிருக்கிறார். வறண்ட காற்றிலிருந்து முழு ஈரத்துக்குப் போனால் முடி சுமார் 2 சதவீதம் நீளுமாம். நானும் ஒன்று செய்தேன்: ஓர் அட்டை, ஷாம்பூ போட்டுக் கழுவிய என் முடி ஒன்று, குண்டூசியில் ஆடும் காகித முள். முடிதான் முள்ளைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. குளியலறைக் கதவருகே மாட்டிவிட்டு வெந்நீரில் குளித்தேன். வெளியே வந்து பார்த்தால் முள் ஒரு விரற்கடை கீழே இறங்கியிருக்கிறது. கண்ணாடிப் பக்கம் திரும்பாமலேயே ரப்பர் பேண்டைத் தேடினேன்.