டிராயரில் பதினொன்று, சாவிக்கொத்தில் ஒன்று

டிராயரை இழுத்து எண்ணினால் பதினொன்று இருக்கிறது. எல்லாம் மடக்குக் கத்தி. ஒருநாள் என் மனைவி பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணை வச்சாவது வெங்காயம் நறுக்கியிருக்கீங்களா?" என்று கேட்டாள். அதற்குத்தான் அடுப்படியில் வேறு கத்தி இருக்கிறதே என்று சமாளித்தேன், ஆனால் கேள்வி நியாயமானதுதான். பதினொன்றில் எட்டு இதுவரை ஒரு காகிதத்தைக்கூட வெட்டியதில்லை, வாங்கின அட்டைப்பெட்டியிலேயே தூங்குகின்றன.

தினமும் என்னோடு வெளியே வருவது சாவிக்கொத்தில் தொங்கும் விக்டோரினாக்ஸ் கிளாசிக் என்ற குட்டி சுவிஸ் கத்தி, அந்தப் பதினொன்றில் சேராதது. மூடினால் 58 மில்லிமீட்டர், எடை 21 கிராம். சின்ன அலகு, கத்தரிக்கோல், நகத்துக்கு அரம், முள் பிடுங்க ஒரு குட்டி இடுக்கி, ஒரு பல்குச்சி, அவ்வளவுதான். கத்தி என்று வாங்கினேனே தவிர, அதில் அதிகம் உழைப்பது கத்தரிக்கோல்தான். சட்டையில் தொங்கும் நூல், மாத்திரைப் பட்டை, புதுத் துணியின் விலைச்சீட்டு எல்லாம் அதன் வேலை. அலகுக்குப் பார்சல் டேப்பும், பஸ்ஸில் வாங்குகிற கொய்யாவும்.

பெரிய கத்தி வைத்திருந்த காலமும் உண்டு. கறுப்புப் பிடி, ஒரே கையால் 'டக்'கென்று திறப்பது, பேன்ட் பையில் கிளிப் போட்டு மாட்டுவது. அதை ஆபீசில் ஒரு பிறந்தநாள் கேக் பெட்டியின் கயிற்றை அறுக்க எடுத்தேன். பேச்சு நின்றுவிட்டது, பக்கத்திலிருந்தவர் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். அடுத்த மாதம் அதே வேலைக்குச் சிவப்புப் பிடி சுவிஸ் கத்தியை எடுத்தபோது, "அட, காட்டுங்க சார்" என்று அதே மனிதர் கை நீட்டினார். அலகு நீளத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது! சிவப்பு நிறமும் சிலுவைச் சின்னமும் மனிதர்களை என்னவோ செய்கின்றன.

இத்தனைக்கும் அது பட்டாளத்துக் கத்தியின் வாரிசு. விக்டோரினாக்ஸைத் தொடங்கிய கார்ல் எல்செனர் என்பவர் 1884-இல் சுவிட்சர்லாந்தில் இபாக் என்ற ஊரில் பட்டறை போட்டார், 1891-இல் ராணுவத்துக்குக் கத்தி கொடுக்கத் தொடங்கினார். அதற்கு முன் வந்த முதல் சரக்கு ஜெர்மனியின் சோலிங்கனிலிருந்துதான் வந்தது, அவ்வளவு எண்ணிக்கையில் செய்துதர உள்ளூரில் ஆள் இல்லை. நாம் இன்று சுவிஸ் கத்தி என்று நினைக்கிற, கார்க் திருகி வைத்தது 1897-இல் வந்த அதிகாரிகள் கத்தி. ராணுவம் அதைக் கொடுக்கவில்லை, அதிகாரிகள் சொந்தக் காசில் வாங்கிக்கொண்டார்கள். என் வீட்டில் கார்க் போட்ட பாட்டில் எதுவும் இல்லை என்பதால் அந்தத் திருகி சாக்கு மூட்டையின் இறுகிய முடிச்சை அவிழ்க்கிறது. அதற்குள்ளேயே ஒரு குட்டி ஸ்க்ரூ டிரைவரைத் திருகி வைத்துக்கொள்ளலாம், மூக்குக் கண்ணாடி ஆணி கழன்றால் அதுதான் கை கொடுக்கும்.

ஆசைக்கு வாங்கியது ஓபினெல் 8. பிரான்ஸின் சவோய் மலைப்பக்கத்தில் 1890 வாக்கில் பிறந்த வகை. மரப்பிடி, எட்டரை சென்டிமீட்டர் அலகு, கழுத்தில் ஒரு வளையம், அதைத் திருப்பினால் அலகு மடங்காமல் நிற்கும். அந்த வளையம் 1955-இல்தான் சேர்ந்தது. நான் எடுத்தது துருப்பிடிக்கிற கார்பன் ஸ்டீல், வேண்டுமென்றேதான். முதல் மாங்காயிலேயே அலகு நீலமும் சாம்பலுமாக மாறிவிட்டது, துண்டின் ஓரம் கறுத்து, வாயில் லேசாக இரும்பு வாடை. எங்கள் ஆச்சியின் அரிவாள்மணையில் நறுக்கின மாங்காய்க்கும் இதே வாடைதான், உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு அப்படியே தின்போம். ஆச்சி கழுவின கையோடு துடைத்துவிடுவாள். நான் துடைக்காமல் பையில் போட்டேன், மறுநாள் காலை அலகெல்லாம் ஆரஞ்சுப் புள்ளி.

அப்புறம் ஐப்பசி வந்தது. மழையில் மரம் ஊறி உப்பி அலகைக் கவ்விக்கொண்டது, நகம் உடைகிற அளவுக்கு இழுத்தும் வரவில்லை. சவோய்க்காரர்களுக்கு இதற்கு ஒரு வித்தை உண்டு: வளையத்தைத் திறந்துவிட்டு பிடியின் அடிப்பக்கத்தை மேஜையில் 'ணங்'கென்று தட்ட வேண்டும், அலகு தானே தலை நீட்டும். நீட்டியது. இப்போது மூட்டில் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு வைக்கிறேன். தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்த்தாயிற்று, பிசுபிசுவென்று அழுக்கைத்தான் சேர்த்தது.

மடக்குவதெல்லாம் வெள்ளைக்காரன் சங்கதி என்று யாராவது சொன்னால் நான் மடக்கெழுத்தாணியைக் காட்டுவேன். ஒரு பக்கம் எழுத ஊசி, மறுபக்கம் ஓலை வாரக் கத்தி, மடக்கி உறையில் போட்டுக்கொள்ளலாம். பேனாக்கத்தியும் இறகுப் பேனாவைச் சீவப் பிறந்ததுதானே, வேலை ஒன்றுதான்.

தீட்டுவதில் ஒருமுறை சூடுபட்டேன். தெருவில் வந்த சாணைக்காரரிடம் கொடுத்தேன், பொறி பறந்தது, பார்க்க அழகாகத்தான் இருந்தது. திரும்பி வந்தபோது அலகின் வயிற்றில் இரண்டு மில்லிமீட்டர் காணோம். அரிவாளுக்கு ஏற்ற சக்கரம் அது, என் புத்தியைத்தான் சொல்ல வேண்டும். சுவிஸ் கத்தியின் எஃகு அவ்வளவு கடினமில்லை, டீ குடிக்கிற பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து அடியிலுள்ள சொரசொரப்பான வளையத்தில் பக்கத்துக்குப் பத்துத் தடவை இழுத்தால் தக்காளித் தோலை வெட்டும்.

சட்டம் கேட்கிறவர்களுக்கு: வீட்டு வேலைக்கோ விவசாயத்துக்கோ என்று செய்யாத, அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ உள்ள கத்தியைத்தான் ஆயுத விதிகள் முக்கியமாகக் குறிவைக்கின்றன. அதற்காகத் திருவிழாக் கூட்டத்தில் சோதனை போடுகிற போலீஸ்காரரிடம் அங்குலக் கணக்கு பேச நான் தயாரில்லை, அன்றைக்கு எல்லாம் வீட்டில் இருக்கும். விமானத்துக்குப் போனால் பெட்டியில் போட்டு அனுப்பிவிட வேண்டும். சாவிக்கொத்தில் மறந்து வைத்து ஒரு கிளாசிக்கை ஸ்கேனர் பக்கத்துத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தவன் நான்.

அதற்குப் பதில் இரண்டு வாங்கினேன், ஒன்று அம்மாவுக்கு. நீட்டினால் கையில் வாங்கவில்லை. "கீழ வை, எடுத்துக்கிடுதேன்." கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வருமாம். வைத்தேன், எடுத்துக்கொண்டாள். இப்போது அது பூக்கூடையில் கிடக்கிறது, அந்தக் கத்தரிக்கோலால்தான் பூ கட்டுகிற நாரை வெட்டுகிறாள். பல்குச்சி மட்டும் முதல் வாரமே தொலைந்துவிட்டது.