பிளாக்பஸ்டர்: சுவரொட்டிக்கு வருமுன்

எங்கள் தெருமுனைச் சுவரொட்டியில் ‘பிளாக்பஸ்டர் வெற்றி’ என்று பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம்தான் நினைவுக்கு வருகிறது. ‘பிளாக்பஸ்டர்’ என்பது முதலில் ஒரு குண்டின் பெயர். 1941இல் பிரிட்டிஷ் விமானப்படை ஜெர்மனியின் எம்டன் நகரில் 4,000 பவுண்டு குண்டுகளை முதன்முதலாக வீசியது. வெடித்த அதிர்விலேயே சுற்றியுள்ள வீடுகளின் ஓடுகளும் ஜன்னல்களும் பறந்துவிடும். அந்தத் திறப்புகளின் வழியே தீக்குண்டுகள் உள்ளே புகுந்து எரிக்கும். அதற்காகவே மெல்லிய உறைக்குள் வெடிமருந்தைத் திணித்தார்கள். ஒரு குடியிருப்புத் தொகுதியையே தகர்ப்பது என்ற பொருளில் பத்திரிகைகள் 1942இல் இப்பெயரைப் பரப்பின. 1943 ஜூலையில் இந்தக் குண்டுகளும் தீக்குண்டுகளும் விழுந்து ஹாம்பர்க் எரிந்தது. பல்லாயிரம் பேர் மாண்டார்கள். அதே ஆண்டில் ஹாலிவுட் விளம்பரங்கள் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டன! போர் முடியும்வரைகூட அவர்கள் பொறுக்கவில்லை என்பது என்னை இன்னும் வருத்துகிறது. பிறகு அது வசூலைக் குறிக்கும் சொல்லானது; இன்று ஆண்டுக்கு 100 கோடி டாலருக்கு மேல் விற்கும் மருந்துக்கும் அதே பெயர்தான்.