மயிலுக்கு ஒரு படி

2024 செப்டம்பர் 8, ஞாயிறு

நேற்று சதுர்த்தி. பிள்ளையார்பட்டியில் கால் வைக்க இடமில்லை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய், மூன்று மணி நேரம் வரிசையில் நின்று, ஒரு நிமிடம் கற்பக விநாயகரைப் பார்த்துவிட்டு வந்தோம். 18 படி மோதகத்தையும் பார்க்க வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. முன்னால் நின்றவரின் முதுகைத்தான் பார்க்க முடிந்தது.

அப்பா இருந்தால் சதுர்த்திக்கு மறுநாள் புழுதி ஓட்ட டிராக்டருக்குச் சொல்லிவிடுவார். இந்த வருடம் நான் சொல்லியிருக்கிறேன். அவர் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. போன வருடம் வயலைத் தரிசாகப் போட்டுவிட்டோம். வரப்பெல்லாம் கருவை முளைத்துக் கிடக்கிறது.

எங்கள் ஊர் காரைக்குடிக்கும் குன்றக்குடிக்கும் இடையில், பெரிய ரோட்டைவிட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. செட்டிநாடு என்றதும் ஆயிரம் ஜன்னல் வீடு, ஆத்தங்குடிக் கல், கோழிக் குழம்பு என்று ஆரம்பித்துவிடுவார்கள். செம்மண்ணும் செம்புராங்கல்லுமான இந்தப் பூமியில் வருடத்துக்கு ஒரு போகம் நெல் போட்டுப் பிழைத்தவர்களை யாரும் ரீல்ஸ் எடுப்பதில்லை. (எடுத்தாலும் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பார்.) இங்கே ஆறு கிடையாது. கண்மாய் உண்டு. அது நிறைய வேண்டுமானால் ஐப்பசியும் கார்த்திகையும் மனசு வைக்க வேண்டும்.

இரண்டு ஏக்கர். எனக்குத் தெரிந்த வேலை சென்னையில் கணக்கு எழுதுவது. சனி, ஞாயிறு பல்லவன் ரயிலில் வந்து போய் விவசாயம் பார்க்க முடியுமா என்று சித்தப்பாவிடம் கேட்டேன். "முடியாது"ன்னு சொன்னார். சொல்லிவிட்டு அவரே டிராக்டர்காரர் நம்பரையும் தந்தார்.

செப்டம்பர் 15, ஞாயிறு

விதைத்தாயிற்று.

புழுதி விதைப்பு என்றால் என்னவென்று அலுவலகத்தில் ஒருவர் கேட்டார். மழைக்கு முன்னால், காய்ந்த மண்ணில், ஒரு சொட்டு ஈரம் இல்லாத தூசியில் நெல்லை வீசி உழுது மூடிவிடுவது. "அப்புறம்?" என்றார். அப்புறம் ஒன்றுமில்லை, மழை வர வேண்டும் என்றேன். அவர் சிரித்தார். சொல்லும்போது எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது.

விதை அண்ணா 4. பரமக்குடி ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 2009-இல் வந்த ரகம், 105 நாளுக்குள் அறுக்கலாம், வறட்சி தாங்கும். வெள்ளிக்கிழமை ராத்திரியே அம்மா ஊறவைத்துவிட்டாள். 100 லிட்டர் தண்ணீருக்கு 1 கிலோ பொட்டாஷ் என்ற கணக்கில் கரைத்து, அதில் விதையை ஊறப்போட்டு, மறுநாள் நிழலில் பரப்பிப் பழையபடி காயவைக்க வேண்டும். விவசாய ஆபீசர் ஒருவர் எப்போதோ அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்தது. ஊறவைத்ததை எதற்கு மறுபடி காயவைக்கிறீர்கள் என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "வெதைக்கு ஒருக்காத் தண்ணியைக் காட்டிட்டு நிறுத்திப்புடணும், அப்பு. அப்பத்தான் மண்ணுக்குள்ள பொறுத்துக் கெடக்கும்" என்றார்.

மயில் கதையையும் எழுதிவிடுகிறேன். குன்றக்குடி மலையே மயில் வடிவம் என்பார்கள். மலை அசையாமல் இருக்கிறது. மயில்கள் அப்படி இல்லை. விதைத்த அன்றே வந்து புழுதியைக் கிளறி நெல்லைப் பொறுக்கும். பக்கத்து வயல்காரர்கள் பழைய சேலையைக் கட்டுவார்கள், வெடி போடுவார்கள். அப்பா ஒரு படி விதையைத் தனியாக எடுத்து, வடக்கு வரப்பில் பனை மரங்களுக்குக் கீழே வீசிவிட்டு, "இது ஒன் பங்கு, உள்ள வரப்படாது" என்று சொல்லிவிட்டு வருவார். மயில் அந்தப் பங்கையும் தின்னும், உள்ளேயும் வரும். உடனே கல்லை எடுப்பார். எடுத்த கல்லை எறிய மாட்டார், முருகன் வாகனமாயிற்றே. கல்லைக் கையில் வைத்துக்கொண்டே குன்றக்குடி இருக்கும் திசையைப் பார்த்துச் சத்தம் போடுவார்: "ஏய்யா முருகா! ஒன் வண்டியைக் கொண்டுபோயிக் கொட்டகையில கட்டுய்யா!"

கல்லூரியில் படிக்கும்போது நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். மயிலுக்கு வைக்கிற படியும் நஷ்டம், மயில் தின்கிறதும் நஷ்டம், ஆக இரண்டு நஷ்டம். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அங்க திங்கிற நேரத்துக்கு இங்க திங்காதுல்ல."

இன்றைக்கு நானும் ஒரு படி எடுத்து வைத்தேன். யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு பனையடியில் வீசினேன். திரும்பினால் சித்தப்பா பீடியோடு நிற்கிறார். ஒன்றும் கேட்கவில்லை.

அக்டோபர் 2, புதன்

மகாளய அமாவாசை. ஊருணிப் படியில் உட்கார்ந்து அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டேன். இந்த ஊருணி கொண்டுவிற்க, அதாவது கடல் தாண்டித் தொழில் செய்ய, போன செட்டியார்கள் பர்மாக் காசில் வெட்டியது என்பார்கள். செம்புராங்கல் படிகள் இன்னும் அப்படியே இருக்கின்றன. தண்ணீர்தான் கடைசி நாலு படிக்கு இறங்கிவிட்டது.

விதைத்து 17 நாள். மழை இல்லை. தினமும் போனில் மேகப் படம் பார்க்கிறேன், அது வேறு ஒரு வியாதி.

தர்ப்பணம் கொடுக்கும்போது எனக்கு நம்பிக்கை இருந்ததா என்று கேட்டால், தெரியாது. பத்தொன்பது வயதில் தெரியாது என்று சொல்ல மாட்டேன், இல்லவே இல்லை என்பேன். விடுதியில் நாலு புத்தகம் படித்துவிட்டு வந்து, அய்யனார் கோயில் பொங்கலுக்கு வர மாட்டேன் என்று திண்ணையில் நின்று ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். அப்பத்தா காதைப் பொத்திக்கொண்டாள். அப்பா முழுவதும் கேட்டார். "சரி, நீ கும்பிட வேணாம். தேங்கா மூட்டை கனமா இருக்கு, அதை மட்டும் தூக்கிட்டு வா" என்றார். கோயில் வாசல் வரைக்கும் தூக்கிப் போனேன். அடுத்த பதினைந்து வருடமும் தேங்காய் மூட்டை என் வேலையாகிவிட்டது.

வாதத்துக்கு அவர் பயந்தவர் இல்லை. இளம் வயதில் குன்றக்குடி அடிகளார் பட்டிமண்டபம் எங்கே நடந்தாலும் சைக்கிளை எடுத்துவிடுவாராம். காவி கட்டியவர் குறளும் சொல்லி, கூட்டுறவுச் சங்கம் பற்றியும் பேசுகிறாரே என்று அவருக்கு ஆச்சரியம். என்னிடம் மட்டும் வாதாடவில்லை. மகனோடு பேசி ஜெயிக்க வேண்டாம் என்று நினைத்திருக்கலாம். நான் ஜெயித்துவிடுவேன் என்று நினைத்திருக்கவும் கூடும். இரண்டாவதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

அக்டோபர் 12, சனி

போன வாரம் இரண்டு ராத்திரி நல்ல மழை. அம்மா போனில் சொன்னாள்: "ஊசி ஊசியா எந்திரிச்சிருக்குப்பா." பனையடியிலும் முளைத்திருக்கிறதாம், மயில் விட்டுவைத்த மிச்சம்.

நவம்பர் 8, வெள்ளி

லீவு போட்டு வந்திருக்கிறேன். இன்று அய்யனாருக்கு விளக்கு எண்ணெய் எங்கள் முறை. பங்காளிகள் ஆறு வீடு, ஆளுக்கு ஒரு வெள்ளி. எண்ணெய் ஊற்றிவிட்டுக் குதிரைகளுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிடிமண் கொடுத்து, மண்பாண்டம் செய்யும் வேளாரிடம் செய்து வாங்கிய மண் புரவிகள். ஒன்றுக்குக் காது இல்லை, ஒன்றுக்கு முழங்காலுக்குக் கீழே இல்லை.

தேதியைப் பார்த்ததும் நினைவு வந்தது. 2016-இல் இதே நாள் ராத்திரிதான் ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று டிவியில் சொன்னார்கள். அப்பாவின் தகரப் பெட்டியில் களை எடுக்க வைத்திருந்த பதினாலு ஐந்நூறு ரூபாய் நோட்டு. நான் சென்னையிலிருந்து பதறிப்போய் போன் பண்ணினேன். "ரூவா செல்லாதுன்னு அவுக சொல்றாக. மேகம் செல்லாதுன்னு யாரு சொன்னா? அதையும் காணோமேப்பா" என்றார். களை எடுக்கப் பயிர் இருந்தால்தானே பணம் தேவைப்படும்.

அந்த வருடம் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டுக்கு வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைவு. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. இதெல்லாம் பேப்பரில் வந்தது. எங்கள் வயலில் நடந்தது இது: புரட்டாசியில் ஒரு தூறலுக்கு முளைத்த பயிர் சாண் உயரம் வந்தது, ஐப்பசி முழுக்கக் காத்திருந்தது, கார்த்திகையில் வெளுத்தது, மார்கழியில் வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட்டது. அப்பா ஆடு மேய்க்கும் கீதாரியைக் கூப்பிட்டு ஆட்டை இறக்கச் சொன்னார். வரப்பில் நின்று பார்த்தாராம். அரை நாளில் முடிந்துவிட்டது.

அன்றைக்கு வீட்டுக்கு வரும்போது அய்யனார் கோயிலைத் தாண்டித்தான் வர வேண்டும். எத்தனை அவசரமாக இருந்தாலும் அந்த இடத்தில் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டி, ஒரு நொடி நின்றுவிட்டு வருகிறவர். அன்றைக்குத் துண்டு தோளிலேயே இருந்தது. பின்னால் வந்த அம்மா பார்த்துவிட்டாள். வீட்டுக்கு வந்து கேட்டதற்கு, "அவருக்கும் எனக்கும் பேச்சு இல்லை" என்று மட்டும் சொன்னார். பங்காளிச் சண்டையைச் சொல்வது போல.

தை பிறந்தும் போகவில்லை, மாசி சிவராத்திரிக்கும் போகவில்லை. நான் பொங்கலுக்கு வந்தபோது, நியாயமாகப் பார்த்தால் எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும், நான் சொன்ன இடத்துக்கு அவரே வந்துவிட்டார் என்று. இல்லை, பயமாகத்தான் இருந்தது.

ஆனால் எண்ணெய் முறை அந்த மாதங்களில் மூன்று தடவை வந்தது. மூன்று தடவையும் அப்பாவே ஆழாக்கில் அளந்து, தூக்கில் ஊற்றி, வாசல்படியில் வைத்து, அம்மாவைக் கூப்பிட்டார். முதல் தடவை அம்மா வாய்விட்டே கேட்டிருக்கிறாள், பேச்சு இல்லை என்றீர்களே, எண்ணெய் மட்டும் எதற்கு என்று. "பேச்சு இல்லைங்கறதுக்காக மனுசன் இருட்டுல கெடக்கணுமா? கொண்டுபோயி ஊத்திட்டு வா" என்றாராம்.

அய்யனாரை மனுசன் என்று சொன்னதை அம்மா இன்றைக்கும் சிரித்துக்கொண்டேதான் சொல்கிறாள்.

2017 கோடையில் கண்மாய் வண்டலை விவசாயிகள் இலவசமாக அள்ளிக்கொள்ளலாம் என்று அரசு அனுமதி கொடுத்தது. எங்கள் கண்மாயில் தண்ணீர் இருந்தால் மண் அள்ள முடியாது. அந்த வருடம் மடையில் நிற்கும் குமிழிக் கல்லின் அடி வரைக்கும் தெரிந்தது, நான் அதுவரை பார்த்ததே இல்லை. அப்பா பதினோரு டிராக்டர் வண்டல் அடித்தார். முதல் வண்டி கோயிலைத் தாண்டும்போது நிறுத்தச் சொல்லி இறங்கினார். துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். என்ன பேசிக்கொண்டார்கள் என்று டிராக்டர்காரருக்குக் கேட்கவில்லை. இஞ்சின் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

டிசம்பர் 14, சனி

கண்மாய் நிறைந்து கலுங்கு மறுகால் போகிறது! காலையில் பாதி ஊர் அங்கேதான் நின்றது. பையன்கள் வேட்டியை விரித்துக் கெண்டை பிடிக்கிறார்கள். நேற்றுத் திருக்கார்த்திகை. மழையில் சொக்கப்பனை பற்றவே இல்லை. மண்ணெண்ணெய் ஊற்றியும் புகைதான் வந்தது. பூசாரி சங்கடப்பட்டார், மற்ற எல்லோரும் நனைந்துகொண்டே சிரித்தார்கள்.

இவ்வளவு மழைக்கு நாலு நாள் தண்ணீர் நின்றால் கதிர் சாய்ந்துவிடும் என்று சித்தப்பா கவலைப்படுகிறார். போன மாதம் இல்லை என்று கவலை, இந்த மாதம் அதிகம் என்று கவலை. வயல் தண்ணீர் வடிய வாய்மடையை வெட்டிவிட்டோம். மண்வெட்டி பிடித்து உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம்.

2025 ஜனவரி 25, சனி

அறுப்பு முடிந்தது. மெஷின் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே எடுத்தது. எனக்கு நினைவு தெரிந்த காலத்தில் அறுப்பும் கட்டும் அடிப்பும் ஒரு வாரம் ஓடும். களத்தில் சாணிப் பிள்ளையார் வைத்து, அருகம்புல் குத்தி, "பொலி, பொலி" என்று தூற்றுவார்கள். இப்போது மெஷின் தார்ப்பாயில் கொட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறது.

சித்தப்பா விடவில்லை. மரக்காலைக் கொண்டுவந்து, கிழக்கே பார்த்து நின்று, முதல் மரக்காலை "லாபம்" என்று அளந்து போட்டார். ஒன்று என்று சொல்லக் கூடாது. அடுத்தது "ரெண்டு". அதற்கு மேல் அளக்காமல் மூட்டை பிடித்தோம். 41 மூட்டை. தாள் வயலில் மயில்கள் சிந்தினதைப் பொறுக்கிக்கொண்டிருந்தன.

சாயங்காலம் நெல் அடுக்கும் அறையைக் கூட்டினேன். உள்சுவரில் அப்பா கரியால் எழுதிய கணக்கு இருக்கிறது. வெள்ளை அடிக்கும்போதுகூட அந்த இடத்தை விடச் சொல்வார். வருடத்தைப் போட்டு, எதிரே, "மயில் போக 36", "மயில் போக 29" என்று வரிசையாக. வெளியே யாருக்கும் காட்டாத வேடிக்கை போல. 2016 என்று எழுதியிருக்கிறது, எதிரே ஒன்றுமில்லை. 2022 வரைக்கும் அவர் கையெழுத்து.

அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டு எடுத்து வந்தேன். 2023 என்று வருடத்தை மட்டும் எழுதினேன். அதற்குக் கீழே 2024, மயில் போக 41. கரி உடைந்து போனதில் ஒன்று கொஞ்சம் கோணல்.