‘பிள்ளைகளைத் தூக்கிட்டுப் போயிருவாங்க’

தங்கச்சி வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். 2023 மே மாதம் மஞ்சள்காமாலை முற்றி, அங்கேயே ஒரு மருத்துவமனையில் இறந்துபோனார். பெரியவள் ஆறாம் வகுப்புக்குப் போக வேண்டியவள், சின்னவன் ஒன்றாம் வகுப்பு. காரியம் முடிந்த மறுநாளே சொந்தத்தில் ஒருவர், "பெரியவளை ஏதாவது காப்பகத்துல சேர்த்துரலாம், சோறும் படிப்பும் அவங்க பார்த்துக்குவாங்க" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். தங்கச்சி வாயே திறக்கவில்லை. அம்மா மட்டும் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

விதவை ஓய்வூதியத்துக்கு மனு கொடுக்க ஒரு திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குப் போனோம். வெளியே மரத்தடியில் மனு எழுதிக் கொடுப்பவர்தான் கேட்டார்: "படிக்கிற பிள்ளைங்க இருக்கா? அப்ப குழந்தைகள் பாதுகாப்பு அலகுலயும் ஒரு எட்டு கேட்டுட்டுப் போங்க." அதுவரை அப்படி ஓர் அலுவலகம் இருப்பதே எனக்குத் தெரியாது. குழந்தைகள் உதவிக்கான 1098 என்ற எண்ணைப் பள்ளிச் சுவரில் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

அங்கே சொன்னது இது. மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைகள் நலத் திட்டத்தில் நிதி ஆதரவு என்று ஒரு பிரிவு. தகப்பனை இழந்த பிள்ளை, தாய் தகப்பன் இருவரும் இல்லாமல் உறவினர் வீட்டில் வளரும் பிள்ளை, பெற்றோர் தீராத நோயில் கிடக்கும் பிள்ளை, இப்படிப்பட்டவர்களுக்கு மாதம் 4,000 ரூபாய். குடும்பத்தின் ஆண்டு வருமானம் கிராமம் என்றால் 72,000, நகரம் என்றால் 96,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. நான் காப்பகப் பேச்சை எடுத்ததும் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர் சிரித்தார். "இந்தப் பணமே பிள்ளைங்க காப்பகத்துக்குப் போகாம வீட்டுல வளரணும்னுதான் சார்."

விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. (மூவாயிரம் கொடுத்தால் முடித்துத் தருவதாக வாசலில் ஒருவர் சொன்னார். வேண்டாம் என்று வந்துவிட்டோம்.) ஆனால் காகிதம் சேர்ப்பதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

முதல் முட்டு இறப்புச் சான்றிதழ். இணையத்தில் பதிவிறக்கிப் பார்த்தால் இனிஷியல் இல்லை. ஆதாரிலும் குடும்ப அட்டையிலும் இருக்கிறது, இதில் இல்லை. மருத்துவமனையில் விவரம் கேட்டபோது அழுதுகொண்டிருந்த யாரோ பெயரை மட்டும் சொல்லியிருக்கிறார்கள். அது நானாகவும் இருக்கலாம். இறப்பு எங்கே பதிவானதோ அங்கேதான் திருத்த முடியும் என்பதால் இரண்டு தடவை திருப்பூர் போய்வந்தேன். அது சரியாகாமல் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கப் பயமாக இருந்தது. ஒரு பிழை அடுத்த காகிதத்துக்கும் ஒட்டிக்கொண்டு போகுமே.

அடுத்தது வருமானச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்தோம். வந்ததைப் பார்த்தால் 84,000! மாப்பிள்ளை உயிரோடு இருந்தபோது வாங்கிய பழைய சான்றைப் பார்த்து அதே கணக்கைப் போட்டுவிட்டார்கள். நூறு நாள் வேலைக்குப் போகிற தங்கச்சிக்கு ஏது அந்த வருமானம்? இறப்புச் சான்றையும் சேர்த்து வைத்து மறுபடி 60 ரூபாய் கட்டினோம். இரண்டாவது தடவை சரியாக வந்தது. சான்றிதழ் கைக்கு வந்ததும் தொகையைப் பாருங்கள், பெயரை மட்டும் பார்த்து மடித்து வைத்துவிடாதீர்கள்.

சின்னவனிடம் இருந்தது குழந்தைகளுக்குத் தருகிற நீல ஆதார். ஐந்து வயதானதும் கைரேகையும் கண் கருவிழியும் பதிந்திருக்க வேண்டும், யாரும் செய்யவில்லை. அதை இலவசமாகவே முடித்து, பிள்ளைகள் பெயரில் தங்கச்சியைச் சேர்த்து வங்கிக் கணக்கு தொடங்கினோம். பள்ளியில் படிப்புச் சான்று மட்டும் கேட்ட அன்றே கிடைத்தது.

அப்புறம் வீட்டு விசாரணை. பக்கத்து வீட்டுப் பெரியம்மா அதற்கு முந்தின நாள் அம்மாவிடம், "ஆபீஸ்ல இருந்து வர்றவங்க பிள்ளைகளைத் தூக்கிட்டுப் போயிருவாங்க" என்று சொல்லியிருக்கிறார். சமூகப் பணியாளர் வந்து உட்கார்ந்து, "பையன் எங்கே?" என்றால் ஆளைக் காணோம். நான் தெருவெல்லாம் தேடுகிறேன். அம்மா அடுப்படியில் பாத்திரத்தையே தேய்த்துக்கொண்டிருக்கிறார். கடைசியில் அந்தப் பெரியம்மா வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருந்து, கை நிறைய முறுக்கோடு வெளியே வந்தான்.

எனக்கு மானம் போயிற்று. வந்திருந்த சமூகப் பணியாளர் கோபப்படவில்லை. இது போல நிறைய வீடுகளில் பார்த்தாயிற்று என்றார். அம்மாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து நிதானமாக விளக்கினார். பிறகு பிள்ளைகளிடம் தனித்தனியாகப் பேசினார். காலையில் என்ன சாப்பிட்டாய், பள்ளிக்கு யாரோடு போகிறாய், வீட்டில் யாராவது அடிக்கிறார்களா. சின்னவன் அவரைத் திருப்பிக் கேட்டான்: "நீங்க போலீஸா?" இல்லை என்றதும் அவருக்கு ஒரு முறுக்கு கிடைத்தது.

குழந்தைகள் நலக் குழு முன்பும் வரச் சொன்னார்கள். தலைவரும் உறுப்பினர்கள் நால்வருமாக ஐந்து பேர் கொண்ட குழு அது. நீதிமன்றம் மாதிரி மேடையும் கூண்டும் இருக்கும் என்று பயந்து, தங்கச்சி இரவு முழுக்கத் தூங்கவில்லை. போனால் சாதாரண மேசை நாற்காலிதான். பெரியவளிடம், "உனக்கு எங்கே இருக்கப் பிடிக்கும்?" என்று கேட்டார்கள். "அம்மாச்சிகிட்ட" என்றாள். அம்மாவிடம் என்று சொல்லவில்லையே என்று தங்கச்சி பேருந்தில் வரும்வழியெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள்.

விண்ணப்பம் ஆட்சியர் தலைமையிலான ஒப்புதல் குழுவுக்குப் போனதோடு எங்கள் வேலை முடிந்தது. காத்திருப்பு மட்டும்தான். மாதக்கணக்கில் ஒரு தகவலும் இல்லை. மூன்று தடவை போய் விசாரித்தேன், மூன்று தடவையும் "வரும் சார்." 2024 பொங்கல் கழிந்து ஒரு நாள், பணம் ஏறிவிட்டதாகத் தங்கச்சி போனில் குறுஞ்செய்தி வந்தது. அவளுக்கு நம்பிக்கை வராமல், வங்கிக்கே போய்ப் புத்தகத்தில் பதியவைத்துக்கொண்டு வந்தாள்.

பிள்ளைகள் பள்ளிக்கு ஒழுங்காகப் போகாவிட்டாலோ விடுதியில் சேர்த்துவிட்டாலோ பணம் நின்றுவிடும் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். அதனால் சின்னவனின் காலை வயிற்றுவலி இப்போது வீட்டில் எடுபடுவதில்லை.

போன மாதம் அதே பெரியம்மா ஒரு மஞ்சள் பையோடு என்னைத் தேடி வந்தார். மகன் தவறிப்போய்விட்டார், பேத்தி மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். பையில் இருந்ததையெல்லாம் திண்ணையில் கொட்டினார். நான் முதலில் இறப்புச் சான்றிதழைத்தான் தேடி எடுத்தேன். இனிஷியல் இருந்தது.