பேட்டரி சுமந்த மலை

மலேசியாவின் பேராக் மாநிலத்துப் பீடோரில் இருந்தபோது என் வேலை, வரும் வானொலி அலையை வாங்கி மறுபடி அனுப்பும், மலைமேல் இருந்த அஞ்சல் நிலையங்களைப் பராமரிப்பது. கேட்பவர்கள் ஏதோ நுட்பமான வேலை என்று நினைத்துக்கொள்வார்கள். பாதி நாள் கூலிவேலைதான். செம்பனை மரங்களின் கடைசி வரிசையோடு லோரி நின்றுவிடும். அதற்கப்பால் இரண்டு மணி நேர ஏற்றம். வானொலிப் பெட்டி என் முதுகில். பேட்டரியைக் கம்பில் கட்டி இருவர் தோளில்.

ஒருநாள் மேலே போனபிறகுதான், பேட்டரி முனையை முடுக்கும் போல்ட்டை லோரியிலேயே விட்டுவந்தது தெரிந்தது. எல்லாம் புதிது, ஆனால் பெட்டி ஊமை. கூட வந்த அண்ணன் ஒருகாலத்தில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். திட்டவில்லை. "ஜப்பான்காரன் காலத்தில் வெள்ளைக்காரனும் இந்தப் பக்கத்து மலையில் இப்படித்தான் அலைந்தானாம், தம்பி" என்றார்.

அவர் சொன்னது போர்ஸ் 136 என்ற பிரிட்டிஷ் இரகசியப் படையை. 1943 மே மாதம் அந்தப் படையின் அதிகாரி ஜான் டேவிஸும் சில சீன உளவாளிகளும் நீர்மூழ்கிக் கப்பலில் வந்து பேராக் கரையில் இறங்கினார்கள். வேவு வலையை விரித்து, ஜப்பானியரை எதிர்த்த காட்டுப் போராளிகளோடு உறவும் ஏற்படுத்திக்கொண்டார்கள். ஆனால் அறிந்ததை இலங்கையில் இருந்த தங்கள் தளத்துக்குச் சொல்ல வழியில்லை. கருவியும் மின்னாக்கியும் கனம். சாலைகளோ ஜப்பானியர் கையில். நீர்மூழ்கியைச் சந்திக்கப் போகும் பயணங்களையே நம்ப வேண்டியிருந்தது. அதற்குள் 1944 மார்ச்சில் வலை அறுந்தது. பிடிபட்ட லிம் போ செங், அந்த உளவாளிகளின் தலைவர், ஜூன் மாதம் பத்து காஜா சிறையில் இறந்தார். வானொலித் தொடர்பு கிடைத்தது 1945 பிப்ரவரியில்தான். பிறகு லிபரேட்டர் விமானங்கள் ஆட்களையும் ஆயுதங்களையும் பாராசூட்டில் இறக்கின.

உளவுக் கதைகளில் காதில் கருவியை மாட்டியவனைத்தான் காட்டுவார்கள். மின்னாக்கியைச் சுமந்தவன் தோள்பட்டையை யாரும் காட்டுவதில்லை. இருபது மாதம் வாய் திறக்காத பெட்டியைக் காட்டில் காத்துக் கிடந்தவர்களின் பொறுமை எனக்கு இருந்திருக்காது. நாலு மணி நேரத்துக்கே என் மேலேயே எனக்கு எரிச்சல்.

போல்ட்டோடு நான் திரும்பி ஏறியபோது அண்ணன் நிழலில் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். முடுக்கினேன். விளக்கு எரிந்தது. அழைத்துப் பார்த்தேன்.

"சாப்பிட்டீர்களா, அண்ணே?" என்றான் கீழே அலுவலகத்துப் பையன்.