விலகியவர்களின் கணக்குகளை மூடுதல்: ஓர் அனுபவப் பகிர்வு

சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆய்வுத் துறையில் லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் சர்வர்களைக் கவனித்துக்கொள்வது என் பணி. படிப்பை முடித்த மாணவர்கள், ஒப்பந்தம் முடிந்த ஆய்வாளர்கள் ஆகியோரின் பயனர் கணக்குகளை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு அண்மையில் என்னிடம் வந்தது. இதே வேலையில் இருப்போருக்குப் பயன்படும் என்று இதை எழுதுகிறேன்.

மனிதவளப் பிரிவு தந்த பட்டியலைச் சர்வரில் உள்ள கணக்குகளோடு ஒப்பிடுவது எளிதாகவே முடிந்தது. மூடுவதில்தான் நுணுக்கம் இருக்கிறது. கடவுச்சொல்லைப் பூட்டும் கட்டளையைக் கொடுத்தவுடன் கணக்கே மூடப்பட்டுவிட்டதாகப் பலர் எண்ணுகிறார்கள். அது கடவுச்சொல்லை மட்டுமே செல்லாததாக்கும். அந்தப் பயனர் தம் எஸ்எஸ்எச் சாவியை (கடவுச்சொல் இல்லாமலே தொலைவிலிருந்து உள்நுழைய உதவும் மின்னணுச் சாவி) ஏற்கெனவே சர்வரில் பதிந்து வைத்திருந்தால், அதைக் கொண்டு வழக்கம்போல் உள்ளே வரலாம். ஆகவே கணக்கையே காலாவதியாக்கி, சாவிக் கோப்பை அகற்றி, ஓடிக்கொண்டிருந்த அமர்வுகளையும் நிறுத்தினேன்.

அதற்கும் முன்பாகப் பார்க்க வேண்டியது கிரான் பட்டியல், அதாவது குறித்த நேரத்தில் தாமாக ஓடும் வேலைகளின் பட்டியல். ஊர் திரும்பிவிட்ட முனைவர் பட்ட மாணவர் ஒருவரின் பெயரில், உணரிகளின் அளவீடுகளைத் திரட்டும் நிரல் இன்னமும் இரவுதோறும் ஓடிக்கொண்டிருந்தது. கணக்கு காலாவதியானால் அதுவும் நின்றுவிடும். எனவே, எவரும் நேரடியாக உள்நுழைய முடியாத சேவைக் கணக்கு ஒன்றை உருவாக்கி, தேவையான கோப்புறையில் மட்டும் எழுதும் உரிமை தந்து, நிரலை அங்கே மாற்றிய பிறகே மாணவரின் கணக்கை மூடினேன்.

ஆய்வகத்தின் பொதுக் கணக்குக்கான கடவுச்சொல், கருவியின் பக்கவாட்டில் ஒட்டிய தாளில் எழுதப்பட்டிருந்தது. “அதை எடுத்துட்டா பிள்ளைங்க எப்படித் தம்பி வேலை செய்வாங்க?” என்று கேட்டார் ஆய்வகப் பொறுப்பாளர் அக்கா. நியாயமான கேள்வி. அவரவர்க்குத் தனிக் கணக்கும், கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளக் குழு உரிமையும் தந்த பின்னரே தாளைக் கிழித்தோம்.

புதியவர்களுக்கு அடையாள அட்டை எண்ணைத் தொடக்கக் கடவுச்சொல்லாகத் தரும் பழக்கத்தையும் கைவிட்டோம். பல இடங்களில் கொடுத்துவைக்கும் எண் இரகசியமாக இருக்க முடியாது. 2025இல் சிங்கப்பூர் அதிகாரிகளும் இதையே நிறுவனங்களுக்கு வலியுறுத்தினர். குறிப்பிட்ட இடைவெளியில் கடவுச்சொல்லை மாற்றச் சொல்லிக் கட்டாயப்படுத்தும் விதியை நீக்குவதற்குத்தான் மேலிடத்தில் நெடுநேரம் வாதாட வேண்டியிருந்தது. கட்டாயப்படுத்தினால் கடைசி இலக்கத்தை மட்டும் ஒன்று கூட்டுவோரே அதிகம். தொழில்நுட்பத் தரநிலைகளை வகுக்கும் அமெரிக்க அரசின் நிஸ்ட் (NIST) அமைப்பு 2017இலேயே அவ்விதி வேண்டாமென்று பரிந்துரைத்ததை எடுத்துக்காட்டினேன். இப்போது, கசிந்த கடவுச்சொற்களின் பட்டியலோடு ஒப்பிட்டே புதியதை ஏற்கிறோம். கசிவு பற்றிய ஐயம் எழுந்தால் மட்டும் மாற்றச் சொல்கிறோம்.