கடைசித் தொட்டித் தண்ணீர்

எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒரு மூங்கில் கூடை தொங்குகிறது. அடிப்பக்கம் பிய்ந்துவிட்டது. ஒரு ஓரத்தில் பாசி ஒட்டிக் காய்ந்து கறுத்திருக்கிறது. வீட்டைச் சுத்தம் பண்ணும்போதெல்லாம் அதைத் தூக்கிப் போடப் பார்ப்பார்கள், நான் விடுவதில்லை. 2017 வைகாசியில் கொள்ளிடத்துப் படுகை எரிந்தபோது எங்கள் தீயணைப்பு வண்டியில் தண்ணீர் உறிஞ்சும் சக்‌ஷன் ஹோஸ் முனையில் நான் கட்டிய கூடை அது. அந்த நாளைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

தீயணைப்புத் துறையில் முப்பத்திரண்டு வருஷம் டிரைவர் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வண்டி ஓட்டுவதும் பம்பை இயக்குவதும் என் வேலை. பிராஞ்ச் என்கிற ஹோஸ் முனைக் குழலைப் பிடித்துத் தண்ணீர் அடிக்கிறவர்கள் முன்னால் நிற்பார்கள். டிரைவர் வண்டியோடு பின்னால் நிற்பான். டேங்கில் எவ்வளவு மிச்சம் என்பது அவனுக்குத்தான் தெரியும். எங்கள் வண்டியில் 4,500 லிட்டர். இரண்டு ஹோஸ் போட்டு அடித்தால் ஐந்து நிமிஷம் வரும். கால் டேங்க் ஆனதும் முன்னால் நிற்பவர்களுக்குக் குரல் கொடுக்க வேண்டும். என் உத்தியோகத்திலேயே எனக்குப் பிடிக்காத வேலை அந்தக் குரல் கொடுப்பதுதான்.

டெல்டாவில் ஏது காட்டுத்தீ என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். 2018 மார்ச்சில் தேனிப் பக்கம் குரங்கணியில் எரிந்ததே, அந்த மாதிரி மலைக்காடு எங்களுக்கு இல்லைதான். எங்கள் காடு ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. ஜனவரி 28-ஆம் தேதி மேட்டூரை அடைத்தால் ஜூன் 12-இல் திறப்பது என்பது கணக்கு. இடைப்பட்ட மாதங்களில் கொள்ளிடத்தில் ஆள் உயரத்துக்கு மேல் நாணல் நிற்கும். அதற்குள் சீமைக்கருவேலம், கரையோரம் கோரை, மூங்கில் கொத்து. சித்திரை முடிவதற்குள் எல்லாம் சருகாகிவிடும். தேன் எடுக்க வந்தவர் போட்ட புகையோ, யாரோ வீசிய பீடித் துண்டோ போதும். வைகாசிக் கடைசியில் மேல்காற்று எழுந்துவிட்டால் தீ ஆற்றோடு கிழக்கே ஓடும். கிழக்கே கரையை ஒட்டி ஊர் இருக்கும்.

அன்றைக்கு இருந்தது நாற்பது கீற்று வீடு. கீற்று என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் துறையில் எல்லோருக்கும் ஒரு கணம் கும்பகோணம் ஞாபகம் வரும். 2004 ஜூலை 16, பள்ளிக்கூடத் தீயில் தொண்ணூற்று நான்கு குழந்தைகள். அன்று நான் வேறு மாவட்டத்தில் டூட்டியில் இருந்தேன். போகாமலே அது மனதில் தங்கிவிட்டது.

2017 எப்படிப்பட்ட வருஷம் என்பது டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு முந்தின ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்த மாவட்டங்கள் என்று அரசே அறிவித்தது. குளம் குட்டை எல்லாம் வெடித்துக் கிடந்தன. வழக்கமாக நாங்கள் வண்டி நிரப்பும் கோயில் குளத்தில் நடுவில் ஒரு பாய் அளவுக்குப் பச்சைத் தண்ணீர், அதைச் சுற்றிச் சேறு. சக்‌ஷன் போட்டால் சேறுதான் ஏறும்.

மத்தியானம் பன்னிரண்டரைக்குத் தீ அழைப்பு வந்தது. இரண்டு வண்டி போனோம். போய்ச் சேரும்போதே படுகையில் கால் மைல் நீளத்துக்குத் தீ. நாணல் எரியும் சத்தம் பட்டாசுக் கட்டு மாதிரி இருக்கும், கணுக்கணுவாக வெடிக்கும். மேலைக்கோடி வீடுகளின் கூரையை நனைக்கவே இரண்டு டேங்கும் தீர்ந்துவிட்டது. பக்கத்துக் கொல்லையில் போர்வெல் இருந்தது, ஆனால் அந்த நேரத்தில் மும்முனை மின்சாரம் இல்லை. ஊர் மேல்நிலைத் தொட்டியில் ஒரு வண்டி நிரப்பினோம். மூன்று நாளுக்கு ஒருமுறை குடிதண்ணீர் விடுகிற ஊர் அது. இரண்டாவது வண்டியை அங்கே கொண்டுபோய் நிறுத்த எனக்கு மனசு வரவில்லை, நிறுத்தினாலும் உள்ளே தண்ணீர் இல்லை.

எங்கள் நிலைய அலுவலர்தான் சொன்னார்: "பாதாளச் சாக்கடைத் தண்ணிய சுத்தம் பண்ற இடம் ரெண்டரை கிலோமீட்டர்ல இருக்கு. அங்க தண்ணி நிக்காது, ஓடிக்கிட்டே இருக்கும். வண்டியத் திருப்பு."

நான் அதுவரை அந்த கேட்டுக்குள் போனதில்லை. வெளியே கலெக்டர் வந்தாலும் திறக்காத மாதிரிப் பூட்டு. உள்ளே ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர், இருபத்தைந்து வயது இருக்கும், ஓடிவந்து திறந்தார். வரிசையாகத் தொட்டிகள். குப்பையைப் பிடிக்கும் கம்பிச் சல்லடை, காற்று ஊதிக் கொப்பளிக்கும் தொட்டி, வண்டல் படியும் வட்டத்தொட்டி. கடைசியில் குளோரின் கலக்கும் தொட்டி. அதிலிருந்து வழிகிற தண்ணீர் வடிகாலுக்குப் போகிறது. அந்தப் பையன் கையை நீட்டி, "அண்ணே, கடைசித் தொட்டியில மட்டும் போடுங்க. மத்ததுல போடாதீங்க. வாயில மூக்குல படாம பாத்துக்குங்க" என்றார். அந்த நேரத்தில் எங்களுக்குச் சரியான வழி சொன்ன ஒரே ஆள் அவர்.

சக்‌ஷனை இறக்கினேன். முதல் தடவை ஹோஸிலிருந்த காற்றை இழுத்து வெளியேற்றிப் பாதி டேங்க் ஏறுவதற்குள் பம்ப் இழுவை விட்டது. தூக்கிப் பார்த்தால் ஹோஸ் முனையில் இருக்கும் ஸ்ட்ரெய்னர் சல்லடை முழுக்கப் பாசி, தலைமுடிச் சிக்கு மாதிரி. எங்கள் வண்டியில் இருக்க வேண்டிய கூடை எப்போதோ மக்கிப்போய் மாற்றப்படாமல் இருந்தது. அங்கே குப்பை அள்ள வைத்திருந்த மூங்கில் கூடை ஒன்று சுவரோரம் கிடந்தது. ஸ்ட்ரெய்னரை அதற்குள் விட்டு வாயைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி மறுபடி இறக்கினேன். பாசி கூடையோடு நின்றது. மூன்று நிமிஷத்தில் டேங்க் நிறைந்தது. கொல்லை பம்ப்செட்டில் இதற்குப் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் ஆகும்.

அந்தத் தண்ணீர் எப்படி இருந்தது என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். நாற்றம் அடிக்கவில்லை. குளத்துத் தண்ணீர் வாசனை, அதோடு கொஞ்சம் குளோரின் காரம். பார்வைக்கு இளநீர்க் கலங்கல். பிராஞ்சிலிருந்து வேகமாக அடித்தபோது மட்டும் கூரையில் விழுந்த இடத்தில் வெள்ளையாக நுரை நின்றது. ஊர் முழுக்கத் துணி துவைத்த சோப்பு அது. எங்கள் ஆட்கள் முகத்தில் ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு அடித்தார்கள். அதைவிட நல்ல கவசம் எங்களிடம் இல்லை.

மேலைக்கோடியில் ஒரு வேப்பமரமும் அதன் அடியில் கீற்றுக் கொட்டகையில் மாரியம்மனும். கொட்டகைமேல் பொறி விழுந்துகொண்டிருந்தது. சாக்கடைத் தண்ணீர் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். இரண்டு மூன்று பேர் ஹோஸுக்குக் குறுக்கே வந்து நின்றார்கள். கோபத்தில் வரவில்லை, பயத்தில் வந்தார்கள். அம்மன் மேல் அதை எப்படி அடிப்பது என்று. எங்களுக்கும் கை தயங்கியது, அதை மறைக்க மாட்டேன். அப்போது ஒரு அம்மா, எழுபது வயது இருக்கும், ஈரச் சாக்கால் தீயை அடித்து அடித்துக் கையெல்லாம் கரி, வந்து சொன்னார்: "அம்மனுக்கு நாளைக்கு மஞ்சத் தண்ணி ஊத்திக்கலாம். இப்ப நீ ஊத்து தம்பி." குறுக்கே நின்றவர்கள் விலகினார்கள். மறுநாள் பத்துக் குடம் மஞ்சள் தண்ணீர் ஊற்றி வேப்பிலை கட்டினார்கள் என்று கேள்விப்பட்டேன்.

பொழுது சாயும்வரை இரண்டு வண்டியும் மாறி மாறி அந்தத் தொட்டியிலிருந்து பதினொரு லோடு எடுத்தோம். ஐம்பதாயிரம் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நடுவில் ஜேசிபி வந்து நாணலுக்குக் குறுக்கே ஒரு பட்டை வெட்டிக் கொடுத்தது. மூன்று வீடு போனது, ஒரு மாட்டுக்கொட்டகை போனது. ஆளுக்கோ மாட்டுக்கோ ஒன்றும் ஆகவில்லை.

அப்புறம் இரண்டு சங்கதி நடந்தது. எங்களில் இருவருக்கு முழங்கை வரை அரிப்பு வந்து ஒரு வாரம் இருந்தது. தண்ணீராலா, நாணல் சுணையாலா என்று யாராலும் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அன்றைக்கு அந்தத் தண்ணீரில் என்ன இருந்தது என்று அளந்து வைத்த தாள் எதுவும் இல்லை. இரண்டாவது, பத்து நாள் கழித்து ஒரு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. யாரிடம் அனுமதி பெற்று அந்தத் தண்ணீரை எடுத்தீர்கள் என்று. அதற்குப் பதில் எழுதிக் கொடுத்தோம், அதோடு முடிந்தது. ஆனால் கேட்டைத் திறந்த பையன் அடுத்த மாதம் அங்கே வேலையில் இல்லை. இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று எனக்குத் தெரியாது. அவருக்கு நாங்கள் ஒரு நன்றிக் கடிதம்கூடக் கொடுக்கவில்லை என்பது இன்றைக்கும் உறுத்துகிறது.

2025 ஜனவரியில் இது எல்லாம் மறுபடி கிளம்பியது. லாஸ் ஏஞ்சல்ஸில் பசிபிக் பாலிசேட்ஸ் மலைச்சரிவு எரிந்துகொண்டிருந்தது. என் தங்கை மகன் அங்கிருந்து தெற்கே இர்வைன் என்ற ஊரில் இருக்கிறான். பத்திரமாக இருக்கிறாயா என்று கேட்கப் போய் இரவெல்லாம் போனில் செய்தி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஹைட்ரண்டில், அதாவது தெருவோரத் தீயணைப்புக் குழாயில், தண்ணீர் வரவில்லை என்று அங்கே ஒரு தீயணைப்பு வீரர் சொன்னதைக் கேட்டபோது எனக்கு என் குரலே ஞாபகம் வந்தது. மலைமேல் மூன்று தொட்டிகள், ஒவ்வொன்றும் பத்து லட்சம் காலன், நம் கணக்கில் 38 லட்சம் லிட்டர். 7-ஆம் தேதி பிடித்த தீ, 8-ஆம் தேதி விடிகாலை மூன்று மணிக்குள் மூன்றும் காலி. பக்கத்தில் 44 கோடி லிட்டர் பிடிக்கும் சான்டா இனெஸ் நீர்த்தேக்கம், மூடியைப் பழுது பார்க்க வேண்டி வெறுமையாகக் கிடந்தது. ஒன்றிரண்டு வீட்டுத் தீக்குப் போட்ட குழாயில் ஒரு மலையையே அணைக்கக் கேட்டால் அழுத்தம் எப்படி நிற்கும்? கீழிருந்து மேலே ஏற்றுகிற வேகத்தைவிட ஹைட்ரண்டுகள் இழுக்கிற வேகம் அதிகமாகிவிட்டால் தொட்டி வற்றத்தான் செய்யும். பம்ப் பக்கத்தில் நின்றவர்களுக்கு இது கண் முன்னால் தெரியும்.

பேச்சோடு பேச்சாகத் தங்கை மகன் சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. அவன் ஊரில் பூங்காவுக்கும் சாலையோரப் புல்லுக்கும் சுத்திகரித்த கழிவுநீர்தான் பாய்கிறதாம். அதற்கென்று தனிக் குழாய், ஊதா நிறம். யார் பார்த்தாலும் இது குடிக்கிற தண்ணீர் இல்லை என்று தெரியும். அதன்பிறகு நானே தேடிப் படித்தேன். புளோரிடாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்ற நகரம் 1977-லிருந்தே இப்படித் தனிக் குழாய் போட்டு, அதில் தீயணைப்பு ஹைட்ரண்டும் வைத்திருக்கிறது. கலிபோர்னியாவில் இதற்குச் சட்டமே உண்டு. கட்டடத் தீக்குச் சுத்திகரிப்பின் மூன்றாம் நிலை வரை வடிகட்டிக் கிருமி நீக்கிய தண்ணீர் வேண்டும், 100 மில்லியில் கோலிஃபார்ம் என்ற கிருமியின் எண்ணிக்கை ஏழு நாள் சோதனையின் நடு அளவாக 2.2-க்கு மேல் போகக்கூடாது. புல், புதர் மாதிரி கட்டடம் அல்லாத தீ என்றால் இரண்டாம் நிலையில், அதாவது காற்று ஊதி வண்டல் படியவிட்டபின், கிருமி நீக்கியதே போதும், அங்கே அந்த அளவு 23.

படித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நாங்கள் 2017-இல் திருடன் மாதிரி செய்ததை அங்கே அளவு போட்டு, நிறம் பூசி, பைப் போட்டு வைத்திருக்கிறார்கள். அந்தச் சட்டப்படி பார்த்தால் படுகைக்கு நாங்கள் அடித்தது ஒருவேளை சரியாக இருக்கலாம். வீட்டுக் கூரைக்கு அடித்தது சரியா என்பது அளந்திருந்தால்தான் தெரியும்.

ஒரு கணக்குப் போட்டேன். ஒரு லட்சம் பேர் உள்ள நகராட்சி. ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது திட்டக் கணக்கு. அதில் 80 சதவீதம் சாக்கடைக்குத் திரும்புகிறது என்று எடுத்துக்கொள்வார்கள். அப்படியானால் நாளொன்றுக்கு ஒரு கோடியே எட்டு லட்சம் லிட்டர், எங்கள் வண்டிக்கு 2,400 லோடு. ஊரில் பாதி வீட்டுக்குத்தான் இணைப்பு இருக்கிறது என்றாலும் 1,200 லோடு. மேட்டூர் திறந்தாலும் திறக்காவிட்டாலும், வைகாசியிலும் வருகிற தண்ணீர் இது ஒன்றுதான். சென்னையில் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் இதே தண்ணீரை இன்னும் ஒரு படி மேலே சுத்தம் செய்து தினம் தலா நான்கரைக் கோடி லிட்டர் தயாரிக்கிற நிலையங்களைக் கட்டி, தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கிறார்கள். தொழிற்சாலைக்குக் கொடுக்கிற தண்ணீரைத் தீக்குக் கொடுக்க என்ன தடை?

நான் கேட்பது ஊதாக் குழாய்கூட இல்லை. கடைசித் தொட்டியிலிருந்து சாலையோரம் வரை ஒரு 100 மில்லிமீட்டர் இரும்புக் குழாய். அதன் முனையில் எங்கள் சக்‌ஷன் மரையில் பொருந்துகிற இணைப்பு. உள்முனையில் நிரந்தரமாக ஒரு வலைக்கூடை. தினமும் குளோரின் அளந்து எழுதித் தொங்கவிட ஒரு பலகை. கேட்டுச் சாவி ஒன்று தீயணைப்பு நிலையத்தில். பங்குனி பிறப்பதற்குள் வண்டியைக் கொண்டுபோய் ஒருமுறை இழுத்துப் பார்ப்பது. மரை பொருந்தவில்லை என்பது தீப் பிடித்த அன்று தெரியக்கூடாது.

போன மாதம் திங்கட்கிழமை மனுநாளில் கலெக்டர் ஆபீஸில் இதை எழுதிக் கொடுத்தேன். மனு வாங்கிய தம்பி மரியாதையாகத்தான் பேசினார். "சாக்கடைத் தண்ணீரில் கூடையா சார்?" என்று இரண்டு தடவை கேட்டார், ரசீது கொடுத்தார். அவருக்கு நான் சொன்னது பிடிபடவில்லை. என் சொல்லில்தான் குறை இருக்க வேண்டும்.

வருகிற திங்கட்கிழமை மறுபடி போகிறேன். படம் வரைந்து வைத்திருக்கிறேன். மாடிப்படிக்குக் கீழே இருக்கும் கூடையைத் தூசி தட்டி வாசலில் எடுத்து வைத்திருக்கிறேன், பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போக வேண்டியதுதான்.